இரண்டு செல்வராஜ், ஒரு எண்

நம் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்காகவும் ‘புள்ளி’யின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எந்தப் பதிப்பு எப்போது வந்தது, எதிலிருந்து எதற்கு மாறினோம், இரண்டு பக்கம் போதும் என்றார்கள். மூன்று தடவை உட்கார்ந்தேன், மூன்று தடவையும் பாதியில் எழுந்து போய்விட்டேன். பதிப்புகளின் வரிசை எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த வரிசையில் ஓர் இடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. இரண்டு பக்கத்தில் அடங்காது என்று தெரிந்த பிறகுதான் எழுத முடிந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி என்பது நாங்கள் வைத்த பெயர். தகவல்களைச் சேமித்து, தேடி, திரை வடிவமைத்து, அறிக்கை அச்சடிக்க உதவும் மென்பொருள் அது. அதன் உண்மையான பெயர் வேறு. அதைச் செய்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது, அட்டைப்பெட்டியின் நிறமும் பெயரும் மாறிக்கொண்டே இருந்தன. நான் முதன்முதலில் பார்த்தபோது கறுப்புத் திரையில் இடது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி நின்றது. மெனு கிடையாது, மவுஸ் கிடையாது. புள்ளிக்குப் பக்கத்தில் கட்டளையை அடிக்க வேண்டும். தப்பாக அடித்தால் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு மறுபடியும் புள்ளியைக் காட்டும். அதனால் எங்கள் எல்லோருக்கும் அது புள்ளிதான். கடைசிப் பதிப்பில் அந்தப் புள்ளியே இல்லாமல் போன பிறகும் பெயர் போகவில்லை.

என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தங்கச் சுரங்க ஊருக்கு, கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டராக வந்தவர். நான் பங்காருபேட்டை வழியாக தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இந்த மருத்துவமனையில் சேர்ந்தேன். அப்போது இங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கென்று ஓர் அறை, அந்த அறைக்கு ஏ.சி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நான் சேர்ந்த அதே வாரம் ரெக்கார்டு ரூமில் ஒருவர் சேர்ந்தார். பேத்தமங்களாக்காரர். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் கன்னடம், எங்களோடு தமிழ். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் போடவில்லை. நோயாளிகளின் காகித அட்டைகள் அவர் பொறுப்பு. அந்த அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் பொறுப்பு. நான் வேலையை முடித்தால் அவருக்கு வேலை இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்கு ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம்.

இரண்டாவது மாதத்திலேயே ஒரு காரியம் செய்தேன். இறந்துபோனவர்களின் பதிவுகளை நீக்கச் சொன்னார்கள். கட்டளையில் ‘இறந்தவர்கள் மட்டும்’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டு என்டர் தட்டினேன். ஊரில் உள்ள அத்தனை பேரும் போய்விட்டார்கள். கையேட்டைப் புரட்டினேன். புள்ளி எதையும் உடனே அழிப்பதில்லை என்று அதில் இருந்தது. அழி என்றால் பதிவின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டு மறைத்து வைக்கும். திரும்ப அழை என்றால் நட்சத்திரத்தை எடுத்துவிடும். ‘பேக்’ என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால்தான் நட்சத்திரம் போட்டதெல்லாம் வட்டிலிருந்து நிஜமாகப் போகும், பிறகு யார் கூப்பிட்டாலும் வராது. நான் பேக் கொடுத்திருக்கவில்லை. ஒரே வரியில் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

அன்று நான் பயந்திருக்க வேண்டும். மாறாக எனக்குத் தைரியம் வந்துவிட்டது. என்ன செய்தாலும் திருத்திவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்கு அப்போது ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று பெங்களூரிலிருந்து யாராவது சொன்னால் போதும், அது கைக்கு வரும்வரை வேறு எதிலும் மனசு ஒட்டாது. இரண்டாவது பதிப்பில் தேடல் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது. மூன்றாவதில் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே கோப்பைத் திறக்க முடிந்தது. உடனே மருந்து கவுன்டரில் ஒரு திரை வைத்தேன். காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் கவுன்டருக்கு வந்து எண்ணைச் சொன்னால், யாருக்கு எத்தனை நாள் மருந்து பாக்கி என்று திரை சொல்லும். கோர்ஸ் முடிந்தவர்களுக்கு, ‘கோர்ஸ் முடிந்தது. மருந்து தர வேண்டாம்’ என்று சிவப்பில் ஒரு வரி வரும். அந்தச் சிவப்பு வரியை நான்தான் வடிவமைத்தேன். பார்க்க வருபவர்களிடம் எல்லாம் அதைப் போட்டுக் காட்டுவேன்.

இந்த ஊரில் காசநோய் மருந்து என்பது சின்ன விஷயம் இல்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுரங்கத்தில் இருபது வருடம் பாறைத் தூசியைச் சுவாசித்த நுரையீரலில் அந்த நோயும் சேர்ந்தால் ஒருநாள் மருந்து விட்டாலும் ஆபத்து.

பிறகு ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் பெரிய பதிப்பு வந்தது. அதில் ஒரு விதி இருந்தது. ஓர் ஆளுக்கு ஓர் எண்தான், இரண்டாவது எண் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாது. எங்கள் பழைய கோப்பிலோ ஒரே ஆளுக்கு மூன்று நான்கு எண்கள் இருந்தன. சீட்டைத் தொலைத்துவிட்டு வருபவருக்குப் புது எண் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மாறுவதற்கு முன்னால் இவர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நிர்வாக அதிகாரி திறப்பு விழாவுக்குத் தேதி குறித்து அழைப்பிதழும் அச்சடித்துவிட்டார். எனக்கு இருந்தது பத்து நாள்.

ஒரு நிரல் எழுதினேன். பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று, வயதில் இரண்டு வருடம் முன்பின் இருந்தால் ஒரே ஆள். முதலில் விலாசத்தையும் சேர்த்துத்தான் பார்த்தேன். சாம்பியன் ரீஃப் என்பதையே ஆறு விதமாக எழுதி வைத்திருந்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. விலாசத்தை எடுத்துவிட்டேன். உடனே எல்லாம் அழகாகச் சேர்ந்தது. யார் எந்தப் பழைய எண்ணைச் சொன்னாலும் சேர்த்த பதிவே திறக்கும்.

ரெக்கார்டு ரூம்காரர் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்.

“பேரை வெச்சா ஆளைச் சேக்கறீங்க?”

“பேரு, அப்பா பேரு, வயசு. மூணும் பாத்துதான்.”

“இந்த ஊர்ல செல்வராஜ்னு கூப்பிட்டா ஒரு ஷிப்டே திரும்பிப் பாக்கும் மேடம்.”

“அதுக்குத்தான் அப்பா பேரும் பாக்கறேன்னு சொன்னேனே.”

“ஆய்த்து, சரி,” என்று டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சேர்த்ததில் இருபதை எடுத்துச் சரிபார்த்தேன். இருபதும் சரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் பேக் கொடுத்தேன். நட்சத்திரம் போட்ட பதிவுகள் இருந்தால் புதுப் பதிப்புக்கு மாற்ற நேரமாகும் என்பது ஒன்றுதான் காரணம். பழைய கோப்பின் நகல் இருந்த பிளாப்பிகளையே அழித்து, புதுக் கோப்பின் நகலை அதில் எடுத்தேன். வேறு பிளாப்பி வாங்க ஆள் அனுப்பினால் ஒரு நாள் போகும். ஒரு நாள் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

விழா நன்றாக நடந்தது. காகித அட்டைகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடும்படி ரெக்கார்டு ரூமுக்கு உத்தரவு போயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, மார்பு நோய்ப் பிரிவு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் எதிரில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சாதாரணச் சளிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். பெயர் செல்வராஜ், தகப்பன் பெயர் சவரிமுத்து, சாம்பியன் ரீஃப்.

“இவருக்குக் கோர்ஸ் முடிஞ்சு குணமாயிடுச்சு,” என்றார் டாக்டரம்மா. “ஆனா அதுக்கப்புறம் ஒரு நாள் சளிப் பரிசோதனை பண்ணி, கிருமி இருக்குன்னு வந்திருக்கு. இவர் அன்னிக்கு வரவே இல்லைங்கிறார்.”

“அந்த வாரம் நான் ஊர்லயே இல்லம்மா,” என்றார் அவர். “தங்கச்சி வூட்டுக் கல்யாணத்துக்கு ஆம்பூர் போயிருந்தேன். பத்திரிகை வூட்ல கீது. வேணும்னா எடுத்தாறேன்.”

திரையைக் கீழே தள்ளினேன். சேர்ப்பு நிரல் இரண்டாவது விலாசத்தை அடியில் ஒட்டி வைத்திருந்தது. மாரிகுப்பம். இன்னொரு செல்வராஜ் இருந்தார். அவர் தகப்பனும் சவரிமுத்துதான். இவரைவிட ஒரு வயது சின்னவர். அவர் மருந்து சாப்பிட ஆரம்பித்துப் பாதியில் இருந்தவர். நான் இரண்டு பேரையும் ஓர் ஆளாக்கி, முடித்தவரின் ‘முடிந்தது’ என்பதை இரண்டு பேருக்குமாகப் போட்டிருந்தேன்.

“அப்ப அந்த மாரிகுப்பத்துக்காரர்?” என்றார் டாக்டரம்மா.

கவுன்டர் பதிவைத் திறந்து பார்த்தேன். புது முறை தொடங்கிய பிறகு தன் பழைய எண்ணைச் சொல்லி இரண்டு தடவை வந்திருக்கிறார். இரண்டு தடவையும் சிவப்பு வரி. இரண்டு தடவையும் மருந்து தரவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

எனக்கு முதலில் தோன்றியது என்ன என்று மறைக்காமல் சொல்கிறேன். இது ஒரே ஒரு ஆளாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த நொடியே அப்படி இருக்காது என்றும் தெரிந்துவிட்டது. மருந்து கவுன்டரில் அப்போது வரிசை நின்றுகொண்டிருந்தது. நான் அனுமதி கேட்கப் போகவில்லை. ஒரு தாளில், ‘திரையில் என்ன வந்தாலும் யாரையும் மருந்து இல்லாமல் திருப்பி அனுப்பாதீர்கள். டாக்டரிடம் அனுப்புங்கள்’ என்று எழுதி, கவுன்டர் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டினேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

பிறகு நிர்வாக அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. முகம் வெளுத்துப் போயிற்று.

“யாரைக் கேட்டு அந்த நோட்டீஸை ஒட்டினீங்க?”

“யாரையும் கேக்கல சார்.”

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “சரி, இருக்கட்டும். அந்த ஆளை உடனே போய்ப் பாருங்க, கையோட கூட்டிட்டு வாங்க. ஆனா கம்ப்யூட்டர்ல தப்புன்னு வெளியில பேச்சு வேணாம். கார்டு சரிபாக்க வந்தோம்னு சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்.”

ரெக்கார்டு ரூம்காரர் என்னோடு வந்தார். மாரிகுப்பத்தில் இறங்கி, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடையும் ஓட்டமுமாகப் போனோம். வீட்டு எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறோம், செல்வராஜ் வீடு எது என்றதும் ஒரு பெண் கையைக் காட்டிவிட்டு, “இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?” என்று கேட்டாள். வாசலில் இன்னும் பந்தல் பிரிக்கவில்லை.

அவர் இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. இருமி இருமி ரத்தமாக வந்தது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவர் மனைவி லூர்து மேரி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். சுற்றிலும் உறவுக்காரர்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“ஆஸ்பத்திரியிலிருந்து வர்றோம்,” என்றேன். “கார்டு சரிபார்க்கணும்.”

அவர் எழுந்து போய், டிரங்குப் பெட்டியிலிருந்து மருத்துவமனைச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். எண்ணைக் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்து இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.

“சொல்லியிருக்கலாம் மேடம்,” என்றார் ரெக்கார்டு ரூம்காரர்.

“அவ்ளோ பேரு இருந்தாங்க. நாளைக்கு வந்து தனியா சொல்றேன்.”

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சாவு மருந்து நின்றதால்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “அந்த லங்ஸுக்கு மருந்து கிடைச்சிருந்தாலும் எத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாது. மருந்து இல்லாததாலதான் போனார்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது,” என்றார். நான் முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மற்றவர்களைத் தேட வேண்டும். எங்கிருந்து? பழைய கோப்பு போய்விட்டது, நகலும் போய்விட்டது. கம்ப்யூட்டர் அறையில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தேன். ரெக்கார்டு ரூம்காரர் கதவருகே வந்து, செருப்போடு வரலாமா என்பதுபோல நின்றார்.

“கார்டெல்லாம் கீது மேடம்.”

“பேப்பர் கடைக்குப் போடச் சொன்னாங்களே?”

“லாரி கெடைக்கலைன்னு வாரா வாரம் எழுதிப் போட்டுட்டேன்.”

“லாரி கேட்டீங்களா?”

“கேக்கவே இல்லை.”

மூன்று நாள், மூன்று பேர், அட்டைகளைத் தரையில் பரப்பி ஒவ்வொரு சேர்ப்பையும் கையால் பிரித்தோம். டாக்டரம்மாவும் ஓ.பி. முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார். மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் இன்னும் பத்து பேர் தப்பாகச் சேர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயர் கிடைத்ததும் அந்த நிமிடமே தேடி ஆள் அனுப்பினோம். ஒருவர் பங்காருபேட்டையில் மகள் வீட்டில் இருந்தார். ஒருவர் கோலார் மாவட்ட ஆஸ்பத்திரியில் தானாகவே போய்ச் சேர்ந்து மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். ஓர் அம்மா, “முடிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே, சாமிக்கு மொட்டைகூடப் போட்டுட்டேனே,” என்று தலையைத் தடவிக் காட்டினார். பத்து பேரும் உயிரோடு இருந்தார்கள். பத்து பேரும் மறுபடியும் மருந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பாராட்டு கிடைத்தது. தப்பைக் கண்டுபிடித்து, மூன்றே நாளில் சரிசெய்தவள் என்று. நிர்வாக அதிகாரி மாற்றலாகிப் போகும்போதும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று நீங்கள் பின்பற்றும் விதிகள் அந்த மூன்று நாளில் பிறந்தவை. இரண்டு பதிவுகளைச் சேர்க்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். பேக் என்ற கட்டளையை யாரும் கொடுக்கக் கூடாது. புது நகல் எடுத்த பிறகும் பழைய நகல் ஒரு வருடம் இருக்க வேண்டும். கவுன்டர் திரை கேள்வி கேட்கலாம், மறுக்கக் கூடாது. இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று உங்களுக்கு முன்னால் சேர்ந்த பலர் கேட்டிருக்கிறார்கள். அனுபவம் என்று சொல்லிவிடுவேன். நல்ல விதிகள்தான். ஆனால் நான் அவற்றின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நாளைக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன் இல்லையா. மறுநாள் அட்டைகள் இருந்தன. அடுத்த வாரம் நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்று ஒரு மாதம் போனது. அதற்குள் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது, ஊரே கலங்கிக் கிடந்தது, இப்போது போய் எதற்கு என்று விட்டேன். சுரங்கமும் மூடியது. காலையில் ரயில் நிறையப் பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். இரண்டு தடவை மாரிகுப்பம் ஸ்டேஷன்வரை போய்விட்டு, டீ குடித்துத் திரும்பியிருக்கிறேன்.

புள்ளி வளர்ந்துகொண்டே இருந்தது. அடுத்த பதிப்பு வலைப்பின்னலில் இருபது கம்ப்யூட்டர்களைத் தாங்கியது. அதற்கு அடுத்தது எக்ஸ்ரே படத்தையே பதிவோடு வைத்துக்கொண்டது. முன்பெல்லாம் புதுப் பதிப்பு என்றால் ஆசையாக ஓடுவேன். இப்போது ஓடியது வேறு காரணத்துக்கு. வேலை இருக்கும்வரை உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். பிறகு ஒருநாள் அந்தக் கம்பெனி இனிப் புதுப் பதிப்பு கிடையாது என்று அறிவித்தது. சில வருடங்களில் திருத்தங்களும் நின்றன. புதுக் கம்ப்யூட்டர்களில் புள்ளி ஓட மறுத்தபோது, பழைய மெஷின் ஒன்றைத் தனியாக வைத்து ஓட்டினோம். கடைசியில் எல்லாவற்றையும் இணையவழி முறைக்கு மாற்றுவது என்று முடிவானது. அது என் கடைசி வேலை வருடம். உங்களில் ஒருவர் அப்போதுதான் பயிற்சிக்கு வந்திருந்தார்.

ஒரு மத்தியானம் அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார். “மேடம், டெலீட் மார்க் போட்டதுல ஒரே ஒரு ரெக்கார்டு மட்டும் ஒவ்வொரு வெர்ஷன்லயும் கூடவே வந்திருக்கு. செல்வராஜ், மாரிகுப்பம். இது பேகா?”

வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்டார். அந்தப் பதிவை நான்தான் அட்டையைப் பார்த்துத் திரும்ப ஏற்றி, நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு பதிப்புக்கும் அதைக் கூடவே கொண்டுவந்திருந்தேன்.

“அது டெஸ்ட் ரெக்கார்டு,” என்றேன்.

“அப்ப விட்டுடலாமா?”

“விட்டுடு.”

சொல்லிவிட்டு எழுந்தேன். கதவுவரை போனேன். அந்தப் பொய் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்து, “அதை விடாதே. நிஜமான ஆள். அப்படியே ஏத்து,” என்று சொல்லிவிட்டு, அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். இருபது வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

அதே லைன் வீடு. முன்னால் தகரம் இறக்கி ஓர் அறை கூட்டியிருந்தார்கள். லூர்து மேரி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

“யாரும்மா? இன்னா வேணும்?”

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் என்றேன். உங்கள் வீட்டுக்காரர் விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அதே பெயரில் இன்னொருவர் இருந்தார், நான் இரண்டு பேரையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன், அதனால் உங்கள் வீட்டுக்காரருக்கு மருந்து முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் தப்பாகச் சொன்னது, கவுன்டரில் இரண்டு தடவை அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் இறந்த எட்டாவது நாள் நான் இங்கே வந்து நின்றேன், எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் போனேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் கீரைத்தட்டைக் கீழே வைத்தார்.

“முடிஞ்சிடுச்சுன்னு அவங்களா சொன்னாங்க?”

“ஆமாங்க. நாங்கதான் சொன்னோம்.”

“அவரு வந்து அப்டியேதான் சொன்னாரு,” என்றார். “மாத்திரை முடிஞ்சிடுச்சாம், இனிமே வேணாம்னு சொல்ட்டாங்கன்னு. நான் நம்பல. இருமிக்கினே கீறாரு, எப்டி முடிஞ்சிருக்கும்? ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுட்டு எங்கியோ சுத்திட்டு வர்றாருன்னு நெனச்சேன். ரெண்டாவது வாட்டியும் வெறுங்கையோட வந்தாரு. பொய் சொல்லாதேன்னு கேட்டேன். பையன வெச்சிக்கினே கேட்டேன். அதுக்கப்பறம் அவரு போகவே இல்ல.”

மூன்றாவது தடவை அவர் ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“பையன் இன்னைக்கும் அத்தத்தான் சொல்லிக்கினு கீறான். எங்கப்பன் ஒழுங்கா மாத்திரை துன்னிருந்தா இன்னைக்கு இருந்திருப்பான், எங்களப் பத்தி நெனைக்கவே இல்லன்னு. பேரப் பசங்களுக்கும் அத்தயே சொல்லி வெச்சிருக்கான்.”

அந்த எட்டாவது நாள் நான் வாயைத் திறந்திருந்தால் இவர்கள் இருபது வருடம் இப்படி வாழ்ந்திருக்க மாட்டார்கள். பெயர்களைத் தப்பாகச் சேர்த்தது அவசரத்தில் நடந்தது. இது அவசரத்தில் நடந்தது இல்லை. ஒவ்வொரு நாளும் நான் யோசித்துச் செய்தது. உங்களிடம் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

லூர்து மேரி உள்ளே போய்ப் பேரனின் நோட்டு ஒன்றையும் பேனாவையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“எழுதிக் குடு.”

எழுதினேன். அலுவலகத்தில் அறிக்கை எழுதிப் பழகிய கை. மருத்துவமனையின் பெயர், எந்த முறையிலிருந்து எந்த முறைக்கு மாறினோம், எண்களைச் சேர்க்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது, பிழை எப்படி நேர்ந்தது என்று பக்கம் நிறைய எழுதி, கடைசி வரியில் அவர் சொன்னது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“இதுல அவரு எங்க கீறாரு?”

கடைசி வரியைக் காட்டினேன்.

“கடைசில போட்டா எம் பையன் அதுவரைக்கும் படிக்க மாட்டான். அத்த மொதல்ல எழுது.”

தாளைக் கிழித்துவிட்டுப் புதுப் பக்கத்தில் எழுதினேன். ‘செல்வராஜ் பொய் சொல்லவில்லை. மருந்து முடிந்துவிட்டது என்று நாங்கள்தான் அவரிடம் சொன்னோம். அது எங்கள் தவறு.’ அதன் கீழே என் பெயரும் கையெழுத்தும். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மெதுவாகப் படித்தேன். தாளை வாங்கி நான்காக மடித்து, பிறகு என்ன நினைத்தாரோ, மடிப்பைப் பிரித்து நீவிவிட்டு அப்படியே கையில் வைத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழம பையன் வருவான்,” என்றார். “நீயும் வா. நீயே அவங்கிட்ட படிச்சிக் காட்டு.”

ஞாயிற்றுக்கிழமை போனேன்.